புள்ளி வைக்காத தாள்

அடியே,

இன்று காலையும் பென்சில் சீவினேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கும் முன் ஒரு டப்பா பென்சிலையும் சீவி மேசை மேல் நிறுத்தி வைப்பது உன் வேலையாக இருந்தது. அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். சீவிய மரத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் வந்தது. "இன்னாடி, பென்சில் சீவுறியா, கேரட் சீவுறியா?" எனக்கு இன்னும் கூராகச் சீவ வரவில்லை. முனை உடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் உன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று வாலாஜாபாத்தில் எங்கள் சித்தி சொல்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவாள். உன்னோடு இத்தனை வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தாள் திருத்தியவள் அவளா?

உனக்கும் எனக்கும் ஜப்பானிய மொழி வந்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் லைனில் அடுத்தடுத்த பலகையில் நின்றோம். நான் வாலாஜாபாத், நீ மண்ணூர். ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் இலவச ஜப்பானிய வகுப்பு, வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் உண்டு என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். நான் மொழிக்காகப் போனேன். நீ பன்னுக்காக வந்தாய். "சாதா பன்னா, வெண்ண தடவுன பன்னா, கேட்டுச் சொல்லுடி, அப்புறம் யோசிக்கலாம்" என்று என்னைத்தான் முதலில் அனுப்பினாய். பன்னுக்கு வந்தவள் ஒரே வருஷத்தில் என்னைவிட அழகாக எழுதினாள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

லைனை வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நமக்கு மிஞ்சியது அந்த மொழி ஒன்றுதான். சுங்குவார்சத்திரத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில், பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்து அங்கே வேலைக்கு அனுப்பும் மையத்தில் இருவரும் ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். ஐ.டி.ஐ. முடித்ததும், டிப்ளமோ முடித்ததும், கம்பெனிகளில் கான்ட்ராக்டில் நிற்பதுமாக வந்த பிள்ளைகள். அவர்களுக்கு நாம் 'சென்சே'. ஆசிரியருக்கு ஜப்பானியர் சொல்லும் சொல் அது. நம் பிள்ளைகள் அதற்கும் ஒரு 'ங்க' சேர்த்து, "சென்சேங்க, கரன்ட் போச்சுங்க" என்றார்கள்.

பேசிக் காட்டுவது பாதிதான். எழுதிக் காட்ட வேண்டும். கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பென்சிலால். வருஷம் முழுக்க எழுதிய அறிக்கைகளைச் சேர்த்து ஒரு கோப்பு. இரண்டு ஆசிரியைகளும் தனித்தனியே திருத்தி, மதிப்பெண் போட்டு, கையெழுத்திட்டால்தான் அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறும். அதில் கடைசியாக வரும் அறிக்கைதான் எல்லோரையும் கவிழ்ப்பது. விபத்து நடக்கப் பார்த்தது, மயிரிழையில் நடக்கவில்லை என்றால் அதை உடனே எழுதி மாட்டிவிடுவது அந்த ஊர்த் தொழிற்சாலை வழக்கம். எங்கே, என்ன நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த ஷிஃப்டில் வருகிறவனுக்குப் புரியும்படி எழுத வேண்டும். அதற்கு ஜப்பானியப் பெயர் ஒன்று உண்டு. நீ அதைச் சொல்லவே மாட்டாய். "தப்பிச்சோம்டா சாமி ரிப்போர்ட்டு எடுங்க எல்லாரும்" என்பாய்.

நான் சிவப்புப் பேனா. தப்பை அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் நாலு வரி திட்டியும் வைப்பேன். நீயும் முதலில் அப்படித்தான் திருத்தினாய், பச்சைப் பென்சிலால். உன்னை மாற்றியவன் அருள்.

அருளை நான் மறந்தாலும் நீ மறக்க விட்டதில்லை. உன் தெருப் பையன். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். வாய் பேசுவான், எழுத்து வராது. அவன் கோப்புக்கு நான் போட்ட மதிப்பெண் தேறாது. நீ உன் பங்கைக் கூட்டிப் போட்டு அவனைக் கரையேற்றினாய். "அவங்க அம்மா தெனம் பைப்பாண்ட என் மூஞ்சையே பாக்குறாங்கடி. போனா அங்க கத்துக்குவான், வுடு" என்றாய். நானும் விட்டேன். போனான். அவன் வேலை பார்த்த பிரஸ் மெஷினில் கையைக் காக்கும் சென்சார் பழுது, கை வைக்காதே என்று முந்தின ஷிஃப்ட்காரர் எழுதி மாட்டியிருக்கிறார். அருள் அதைப் பார்த்தான். தெரிந்த எழுத்தைப் படித்தான், தெரியாததை விட்டான், பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வெட்கப்பட்டான்.

ஊர் திரும்புகிற பிள்ளைகள் மையத்துக்கு ஜப்பான் பிஸ்கட் டப்பா வாங்கி வருவது வழக்கமாயிற்றே. அவனும் வாங்கி வந்தான். வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு மற்றக் கையால் நீட்டினான். "தப்பா நெனச்சுக்காதீங்க சென்சே, எடது கையில தர்றேன்" என்றான். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். அவன் படியிறங்கிப் போகும்வரை சிரித்த முகமாகவே நின்றாய். பிறகு டயர் கடைக்காரர் மேலே ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்கும் அளவுக்கு அழுதாய். "மார்க் போட்ட கை என்னுது, போன கை அவனுது." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்தப் பிஸ்கட்டை யாரும் பிரிக்கவில்லை. அலமாரியிலேயே கிடந்து எறும்பு மொய்த்த பிறகு நான்தான் குப்பையில் போட்டேன்.

அடுத்த வாரமே திருத்தும் முறையை மாற்றிவிட்டாய். சரியான விடையை எழுதித் தருவது நின்றுபோனது. எந்த வரியில் தப்பு இருக்கிறதோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான். என்ன தப்பு, எந்தக் கட்டத்தில் தப்பு, ஒன்றும் சொல்ல மாட்டாய். எழுதியவர்களே தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுவர வேண்டும். "நாம எழுதிக் குடுத்தா காப்பி அடிப்பாங்க. அங்க போனா யாரு எழுதிக் குடுப்பா? மோப்பம் புடிச்சுக் கத்துக்கட்டும்" என்றாய். புள்ளி இல்லாத வரி சரியான வரி. இது நம் வகுப்பில் சுவரில் எழுதாத சட்டமாகிவிட்டது. பிள்ளைகளும் தாள் வந்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரத்தைத்தான் பார்த்தார்கள். "உனக்கு எத்தினி புள்ளி கோலம்?" என்று ஒருவரை ஒருவர் கலாய்த்தார்கள். கல்நெஞ்சக்காரி என்ற பெயர் எனக்கு, வேலையெல்லாம் உன்னுடையது.

அதிகப் புள்ளி வாங்கியவள் சுகன்யா. பென்னலூர்ப் பெண். காருக்கு சீட் உறை தைக்கும் லைனில் கான்ட்ராக்டில் நின்றாள். அவள் தாளைக் கையில் எடுத்தால், "வந்துட்சுடி மார்கழி மாசம்" என்று பென்சிலை நீட்டிச் சீவுவாய். அவளும் சளைக்க மாட்டாள். புள்ளி வைத்த ஒவ்வொரு வரியையும் விரலால் தடவித் தடவி, முக்கால்வாசித் தப்பைப் பிடித்துவிடுவாள். மூன்று வருஷம் போய் வந்தால் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. கான்ட்ராக்ட் முடியப் போகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று சூபர்வைசர் வேறு சொல்லிவிட்டார். கடைசி அறிக்கையில் தேறினால் போவாள், தேறாவிட்டால் இல்லை. அப்படி விளிம்பில் நின்றிருந்தது அவள் கோப்பு. "அவ எழுதுறதுதான்டி தப்பு, பாக்குறது கரெக்டு" என்று ஒருநாள் நீ சொன்னாய். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

கடைசி அறிக்கைக்குத் தலைப்பு கொடுத்தது நீ. 'வேலைக்கு வரும் வழியில்' என்று கொடுத்தாய். வருகிற வழியில் நடக்கப் பார்த்து நடக்காமல் போன ஒரு விபத்தை எழுத வேண்டும். வியாழக்கிழமை வகுப்பில் தாள்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ஃபோன் செய்தாய். "டீ சொல்லிடுடி, கெளம்பிட்டேன்."

சொன்னேன். டீ வந்தது. ஆறியது. நீ வரவில்லை.

கூட்டு ரோடு பேக்கரிக்காரர் பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியும். சிக்னலில் கார் ஏற்றிப் போகும் நீள லாரி ஒன்று இடது பக்கம் திரும்ப நின்றிருந்தது. எல்லோரும் நுழைகிற மாதிரியே அதன் இடது பக்கச் சந்தில் உன் ஸ்கூட்டியை நுழைத்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாய். டிரைவருக்கு அந்த இடம் தெரியாது. சிக்னல் விழுந்தது, திருப்பினான். தலையில் ஹெல்மெட் இருந்ததாம். ரொம்பப் பிரயோசனம்.

உன் பை மட்டும் தூரப் போய் விழுந்ததால் கிழியாமல் வந்தது. ஸ்டேஷனில் வாங்கி வந்த உன் வீட்டுக்காரர், இது சென்டர் தாள் என்று மையத்தில் கொடுத்துவிட்டார். நான் அப்போது லீவில் இருந்தேன். நாள் முழுக்கக் கெடு கெடு என்று சொல்வதால் நீ 'டெட்லைன் சார்' என்று பெயர் வைத்தாயே, நம் மேனேஜர், அவர் அந்தக் கட்டைப் பிரித்து அவரவர் தாளை அவரவரிடம் கொடுத்துவிட்டார். மேடம் ஞாபகமாக வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாராம். பாவம், கெட்ட மனுஷர் இல்லை, உன் வீட்டு வாசலில் நின்று அவரும் அழுதார். மேலே இருந்த தாள்களில் எல்லாம் உன் பச்சைப் புள்ளி இருந்தது. அடியில் இருந்த ஐந்து தாளில் ஒன்றும் இல்லை. நான்கு பேர் நன்றாக எழுதுகிறவர்கள். ஐந்தாவது சுகன்யா.

நான் திரும்பிப் போன அன்று படியிலேயே வழிமறித்தாள். "சென்சே, பாத்தீங்களா? ஒரு புள்ளி கூட இல்ல சென்சே! அவங்க எனக்குக் கடைசியா போட்ட மார்க்கு" என்று தாளை நீட்டினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. தாள் கனமாக, வழவழவென்று இருந்தது. லேமினேஷன் போட்டிருந்தாள். "சாமி படத்தாண்ட வெச்சிருந்தேன். ஒங்களுக்குக் காட்டணும்னுதான் எடுத்தாந்தேன்."

புள்ளி இல்லாத வரி சரியான வரி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். நீ கையே வைக்காத தாளையும் அவள் அப்படித்தானே படிப்பாள்? உலகத்தில் வேறு எந்த வகுப்பிலாவது, திருத்தாத தாளைப் பார்த்து ஒரு பெண் நூற்றுக்கு நூறு என்று சந்தோஷப்படுவாளா?

நின்றபடியே படித்தேன். முதல் வரியிலேயே தப்பு. இரண்டாவதிலும். மூன்றாவது வரியில்தான் எனக்குப் புரிந்தது, அவள் எழுதியிருந்தது கூட்டு ரோடு சிக்னலைப் பற்றி. கார் ஏற்றும் நீள லாரி. இடது பக்கம் நுழைந்த ஒரு மோட்டார் சைக்கிள். டிரைவருக்கு அந்த ஆள் தெரியவில்லை. லாரி திரும்பியது. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர்கள் கத்தியதில் அந்த ஆள் வண்டியை விட்டுவிட்டுக் குதித்துவிட்டான். சாப்பாட்டுப் பை சக்கரத்தில் மாட்டி டிபன் பாக்ஸ் தட்டையாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. நீ போவதற்கு முன்னால், அவள் தன் கண்ணால் பார்த்து எழுதியது.

எழுத்துகள் மிதக்க ஆரம்பித்தன. "அப்புறம் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது உன் பையில் இருந்ததடி. அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே நின்றிருக்கிறாய்.

மேனேஜர் அன்றே கூப்பிட்டார். "புள்ளி இல்லன்னா ஃபுல் மார்க், ஒங்க சிஸ்டம்தானே மேடம்? சுகன்யா பேரையும் ஏத்திடலாம். வெள்ளிக்கிழமை டெட்லைன்."

"விஷயம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா போனவ அதைப் படிக்கவே இல்ல. அந்த அஞ்சு தாளும் படிக்காத தாள்."

"அத நீங்க எப்படிச் சொல்றீங்க? அந்தப் பொண்ணு இந்த வாட்டி நல்லா எழுதியிருக்கலாம் இல்ல? மேட்டர் சூப்பரா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. போனவங்க போட்ட மார்க்க யாரு மேடம் கேக்கப்போறா?"

அவரிடம் என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியத்தை வாயால் சொல்லும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. வியாழக்கிழமை வரை நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

மற்ற நான்கு பேரும் கேட்டதும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். உன் பங்குக்கும் சேர்த்து நானே திருத்தினேன், தேறினார்கள். சுகன்யாவின் தாளைப் பற்றி மட்டும் நினைத்து நினைத்து மண்டை காய்ந்தது. விட்டுவிடலாமா? ஒரு வீட்டுக்குத் தளம் வரும். உன்னைக் கேட்கவும் முடியாது, நீயும் வந்து சண்டை போட மாட்டாய். அவள் பார்த்தது சரி, இந்த ஊரில் வேறு யாரும் எழுதி வைக்காததை எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த இடத்தை அறிந்த எனக்குத்தான் அது விளங்கியது. அந்தச் சிக்னலைப் பார்க்காத ஒருவர் படித்தால், நின்றது லாரியா ஆளா, யார் யாரைப் பார்க்கவில்லை, இடித்ததா இல்லையா, ஒன்றும் பிடிபடாது. அங்கே ஒரு மெஷினில் அவள் இப்படி எழுதி மாட்டினால், அதைப் படிக்கிற அடுத்த ஆள் என்ன செய்வான்? எழுதத் தெரியாதவள் மற்றவர் எழுதியதையும் அப்படித்தானே படிப்பாள்? அருள் பிஸ்கட் டப்பாவை நீட்டிய கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

இன்னொரு பயமும் இருந்தது, அதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்தத் தாள் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் யாராவது அதைப் படித்திருக்கக் கூடாதா என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் அவளைப் போகவிடாமல் உட்கார வைக்கப் போகிறேனோ என்று நினைத்துத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு வந்தாள். உன் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அதில் உட்காராமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "சுகன்யா, இது சென்சே திருத்துன தாள் இல்லம்மா. இத அவ படிக்கவே இல்ல. நான்தான் திருத்தணும்."

முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு முகம் சிவந்தது. "ஒங்களுக்குப் பொறாம சென்சே. அவங்க எனக்கு ஃபுல்லா போட்டுட்டாங்க, ஒங்களால தாங்க முடியல."

"பொறாமை எனக்கு எதுக்குடி?"

"படிக்கலன்னு ஒங்களுக்கு எப்டித் தெரியும்? அவங்க வந்து ஒங்களாண்ட சொன்னாங்களா?"

கீழே ரோட்டில் ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் கண் தானாக அவள் மடியில் இருந்த தாளுக்குப் போயிருக்க வேண்டும். அவளும் குனிந்து பார்த்தாள். கடைசி வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஜப்பானிய மொழியில் மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். லாரியின் இடது பக்கம் நிற்காதீர்கள்.

"படிச்சிருந்தா..." என்றாள். நிறுத்திவிட்டாள். அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு அவளே முடித்தாள். "படிச்சிருந்தா அங்க போய் நின்னிருக்க மாட்டாங்க."

மேனேஜரிடம் நான் சொல்ல முடியாமல் விழுங்கிய வாக்கியம் அதுதான். அதை அவள் வாயால் சொல்ல வைத்துவிட்டேன். அதோடு அவள் விடவில்லை.

"நான்தான் சென்சே லேட்டா குடுத்தேன். ஓ.டி. பாத்துட்டு கடைசியா வந்து குடுத்தேன், அதான் அடியில போயிடுச்சு. மொதல்லயே குடுத்திருந்தா படிச்சிருப்பாங்க, இல்ல?"

"அடி போடி பைத்தியம். அவ எப்பவும் கட்டைக் கலைச்சுப் போட்டுத்தான் திருத்துவா. எது மேல வரும், எது கீழ வரும், யாருக்குத் தெரியும்?"

பொய். நீ ஒருநாளும் கட்டைக் கலைத்ததில்லை. மேலிருந்து கீழே, வைத்த வரிசையில் திருத்துகிறவள் நீ. ஒரு பொய் மதிப்பெண் போட மாட்டேன் என்று வீம்பு பிடித்தவள் அதே மேசையில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு பொய் சொன்னேன். இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவள் நம்பினாளா என்றும் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளை நீட்டினாள். நான் பச்சைப் பென்சிலை எடுத்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "இதுமேல வெக்க முடியாது சென்சே, லேமினேஷன் பண்ணிட்டேன். கீழ ஜெராக்ஸ் எடுத்தாறேன், அதுல வெச்சுக்கோங்க."

எடுத்து வந்தாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு உன் பச்சைப் பென்சிலால், உன் முறைப்படி, வரி வரியாக வைத்துக்கொண்டு வந்தேன். ஓரம் முழுக்கப் பச்சையானது. "மார்கழி மாசம்" என்று அவளே சொன்னாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. தேறாத மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். உன் கையெழுத்துக்கான இடத்தில் ஒரு கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை பட்டியல் அவள் பெயர் இல்லாமல் போனது. மேனேஜர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் கான்ட்ராக்டும் முடிந்தது. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் பெட்டி ஒட்டுகிறாள் என்று கேள்வி. வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் ஒருதரம் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. நான் செய்தது சரிதான். சரி என்று தெரிந்தும் இப்படி வலிக்கும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே. அருளுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் புள்ளி வைத்தபோது உனக்கும் இப்படித்தான் இருந்ததா? பென்சிலைச் சீவிக்கொண்டே சிரிப்பாயே, அதெல்லாம் நடிப்பா?

இன்று காலை உன் பென்சில்களை உடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சுகன்யா. உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி அந்த ஜெராக்ஸை நீட்டினாள். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே தன் பென்சிலால் திருத்தியிருந்தாள். படித்தேன். கூட்டு ரோட்டையே பார்க்காத ஒருவருக்கும் இப்போது விளங்கும். நின்றவன் யார், திரும்பியது எது, டிரைவருக்கு ஏன் தெரியவில்லை, எல்லாம்.

"ரெண்டு மட்டும் தெரியல சென்சே" என்றாள்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் என்ன? இந்த வருஷப் பட்டியல் போயாகிவிட்டது. அடுத்த வருஷம் இந்த மையம் ஆள் எடுக்குமா என்பதே நிச்சயம் இல்லை.

"தேடு" என்றேன்.

முறைத்தாள். தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பு முடியும்வரை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் டப்பாவிலிருந்து, நான் சீவிய மொண்ணைப் பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது கூட்டு ரோட்டில் சிவப்பு விழுந்தது. முன்னால் கார் ஏற்றும் நீள லாரி. இடது பக்கச் சந்தில் ஒவ்வொருவராக நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் லாரிக்குப் பின்னாலேயே வண்டியை நிறுத்தினேன். பின்னால் இருந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "இன்னாமா, தூங்கினுகீறியா? எடம் கீதுல்ல, போயேன்!"

போகவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும் போவதில்லை. அன்று அந்த ஜெராக்ஸில் நான் புள்ளி வைக்காமல் விட்டது ஒரே ஒரு வரிதான், கடைசி வரி. எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், அதில் ஒரு தப்பும் இல்லை. புள்ளி இல்லாத வரி சரியான வரி என்று நீதானே சொன்னாய்? லாரி முழுசாகத் திரும்பிப் போகும்வரை பின்னாலேயே நிற்கிறேன்டி.